ஐந்து தந்தி பேஸ் கிதார்: 16.5 முதல் 19 மி.மீ. வரை, எந்த இடைவெளி யாருக்கு?

ரோஸ்ஹில் பேஸ் (மொரீஷியஸ்)

அனைவருக்கும் வணக்கம். கேள்வி சற்று நீளம். பொறுமையோடு படித்துப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

11 ஆண்டுகள் நான்கு தந்தி பேஸ் வாசித்தவன் நான். கல்யாண வரவேற்புகளில் எங்கள் குழு முதலில் தமிழ்த் திரைப்பாடல்கள் வாசிக்கும், சாப்பாடு முடிந்த பிறகு எங்கள் தீவின் மரபு இசையான செகா. ஐந்தாவது தந்தி எனக்குத் தேவைப்பட்டதே பாடகர்களால்தான். எங்கள் மூத்த பாடகர் ஒன்றரைக் கட்டையை விட்டு நகர மாட்டார். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப். இந்த நான்கு சுருதிகளும் நான்கு தந்தி பேஸின் அடித் தந்தியான ‘ஈ’க்குக் கீழே நிற்கின்றன. ஆதார ஸட்ஜத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. செகாவின் தோல் பறையான ரவான் முழங்கும் மேடையில் அந்த ஒலி மெலிந்து போகிறது. ‘ஈ’க்கும் கீழே ‘பி’ தந்தி இருந்தால் (தடித்ததிலிருந்து மெல்லியது வரை பி, ஈ, ஏ, டி, ஜி) அதன் முதல் நான்கு ஃப்ரெட்டுகளிலேயே, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளிலேயே, நான்கு சுருதிகளும் வரிசையாகக் கிடைத்துவிடும்.

எனவே 8 மாதங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். விளம்பரத்தில் மரம், பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகம்), எடை எல்லாம் இருந்தன. தந்திகளுக்கு இடையே எவ்வளவு இடம் என்று ஒரு சொல் இல்லை, நானும் கேட்கவில்லை. வந்த பிறகு அளந்தால், உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் 16.5 மி.மீ. என் பழைய நான்கு தந்தியில் 19. செகாவின் ஆறெட்டு நடையில் வேகம் கூடும்போது, ‘ஈ’யைத் தொடப் போன விரல் ‘ஏ’யையும் தட்டிவிடுகிறது. 8 மாதம் பயிற்சி செய்தும் அது சரியாகவில்லை.

இதை விற்றுவிட்டு வேறு வாங்க எண்ணம். எங்கள் தீவில் ஐந்து தந்தி பேஸ்களை வரிசையாக மாட்டி வைத்து எடுத்துப் பார் என்று சொல்லும் கடை இல்லை. மறுபடியும் கண்ணால் பார்க்காமல்தான் வாங்க வேண்டும். 17.5, 18, 19 என்று பல அளவுகள் இருப்பதாகத் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டர் உண்மையிலேயே அவ்வளவு பெரிய வேறுபாடா? வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

சாட்ஸ்வொர்த் கட்டைவிரல் (டர்பன்)

தம்பி, 19 வாங்குங்கள். வேறு பேச்சே வேண்டாம்.

நான் கட்டைவிரலால் அடித்து, ஆள்காட்டி விரலால் சுண்டி இழுத்து வாசிப்பவன். சுண்டுவதற்கு விரல் தந்திக்கு அடியில் நுழைய வேண்டும். 16.5இல் ‘டி’க்கும் ‘ஜி’க்கும் நடுவே விரலை விட்டால் நகம் பக்கத்துத் தந்தியில் சிக்குகிறது. நான்கு தந்தியில் 19க்குப் பழகிய கைக்கு ஐந்திலும் 19தான் வீடு. சாடோவ்ஸ்கி ஐந்து தந்திகளில் 19 இருக்கிறது. ஐபனெஸ் நிறுவனத்திலேயே பி.டி.பி. வரிசையில் 19 வைக்கிறார்கள். நெருக்கமான தந்திகளை வைத்துக்கொண்டு போராடுவது வீண் வேலை.

---

செந்தாந்த்ரே மூவிரல் (ரெயூனியன்)

டர்பன் அண்ணன் சொல்வதை நான் முழுமையாக மறுக்கிறேன்.

15 ஆண்டுகளாக என் கையில் இருப்பது 16.5 மி.மீ. ஐபனெஸ் எஸ்.ஆர். வரிசை ஐந்து தந்தியிலும் வார்விக் ஐந்து தந்தியிலும் இந்த அளவுதான். மூன்று விரல்களால் வாசிக்கிறேன். மேல் தந்தியிலிருந்து கீழ்த் தந்திக்கு இறங்கும்போது ஒரே விரல் வழுக்கிக்கொண்டே அடுத்ததில் விழ வேண்டும். 19இல் ‘ஜி’யிலிருந்து ‘பி’க்குப் போவது கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல் இருக்கிறது. கட்டைவிரலை ‘பி’யின் மேல் வைத்தபடி மற்ற விரல்களால் ‘ஜி’யை எட்டினால் மணிக்கட்டு மடங்குகிறது. எங்கள் தீவின் மரபு இசையான மாலோயாவுக்கு மேடையில் பேஸ் சேர்த்து வாசிக்கும்போது நடை ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும், அங்கே கை களைத்துப் போனால் எல்லாம் போயிற்று.

8 மாதம் போதாது என்பதே என் எண்ணம். பயிற்சியைத் தொடருங்கள்.

---

சாட்ஸ்வொர்த் கட்டைவிரல்

8 மாதம் தினமும் வாசித்தும் கை ஏற்கவில்லை என்றால் அது கையின் குற்றம் இல்லை. பொருந்தாத செருப்பை இன்னும் 8 மாதம் போட்டு நடக்கச் சொல்வீர்களா?

---

காத்ர் போர்ன் புதியவன் (மொரீஷியஸ்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் 16.5 என்றுதான் விவரத்தாளில் இருக்கிறது. ஆனால் பிரிட்ஜில் ‘பி’க்கும் ‘ஈ’க்கும் நடுவே அளவுகோலை வைத்தால் 13.5தான் வருகிறது. ‘டி’க்கும் ‘ஜி’க்கும் நடுவே 15. பழுதான பேஸா?

---

டோங்காட் பட்டறை (குவாசுலு-நட்டால்)

பழுது இல்லை தம்பி. நீங்கள் தந்தியின் ஓரத்திலிருந்து அடுத்த தந்தியின் ஓரம் வரை அளந்திருக்கிறீர்கள். விவரத்தாளில் சொல்வது தந்தியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை. வழக்கமான தந்தித் தொகுப்பில் ‘பி’யின் தடிமன் 3.3 மி.மீ., ‘ஈ’ 2.7, ‘டி’ 1.65, ‘ஜி’ 1.15 அளவில் இருக்கும். 16.5இலிருந்து இரு தந்திகளின் பாதித் தடிமன்களைக் கழித்தால் ‘பி–ஈ’ நடுவே 13.5, ‘டி–ஜி’ நடுவே 15.1. நீங்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள். நடுவிலிருந்து நடு சமமாக இருக்கும் பேஸில், விரல் போகும் சந்து தடித் தந்திகளுக்கு நடுவேதான் மிகக் குறுகலாக இருக்கும். ரோஸ்ஹில் தம்பியின் விரல் ‘ஈ’ பக்கம் தடுமாறுவதற்கும் இதில் பங்கு உண்டு.

நம்பகமாக அளக்க ஒரு வழி: ‘பி’யின் நடுவிலிருந்து ‘ஜி’யின் நடு வரை மொத்தமாக அளந்து நான்கால் வகுங்கள். 16.5 என்றால் மொத்தம் 66 வர வேண்டும். 17.5க்கு 70, 18க்கு 72, 19க்கு 76.

---

மோக்கா வீணை (மொரீஷியஸ்)

நான் பேஸ் வாசிப்பவள் அல்ல, வீணை. என் மகன் பேஸ் வாசிக்கிறான், அதனால் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். நீங்கள் பிரிட்ஜ் என்பதை நாங்கள் குதிரை என்போம், ஃப்ரெட்டை மெட்டு என்போம்.

ஒன்று கேட்கலாமா? மூவருமே குதிரையில் இருக்கும் அளவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். குதிரையின் மேல் யாரும் மீட்டுவதில்லையே. ரோஸ்ஹில் தம்பி எந்த இடத்தில் மீட்டுகிறார்? சாட்ஸ்வொர்த் அண்ணன் எந்த இடத்தில் அடிக்கிறார்? வீணையில் மீட்டும் இடத்தைக் குதிரைப் பக்கம் கொஞ்சம் தள்ளினாலே நாதம் வேறாகிவிடும். என் மகன் வாசிக்கும்போது கவனித்தேன்: மெல்லிய பாட்டுக்குக் கை கழுத்துப் பக்கம் போகிறது, வேகப் பாட்டுக்குக் குதிரைப் பக்கம் வருகிறது. தந்திகள் குதிரையில் விரிந்தும் மறுமுனையில் குறுகியும் இருக்கின்றன. அப்படியானால் கை நகரும்போது இடைவெளியும் மாறத்தானே வேண்டும்?

---

ரோஸ்ஹில் பேஸ்

அக்கா, இதை ஒருபோதும் நான் யோசித்ததில்லை. நான் எப்போதும் கழுத்து முடியும் இடத்தில்தான் மீட்டுகிறேன். செகாவுக்கு உருண்டையான, ஆழமான ஒலி வேண்டும். குதிரைப் பக்கம் போனால் ஒலி கூர்மையாகி முக்கோணம், மராவான் என்ற செகா தாளக் கருவிகளோடு மோதுகிறது. அடியில் ரவானோடு சேர்ந்து நிற்க வேண்டிய பேஸ் அது.

---

டோங்காட் பட்டறை

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டியது. கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

34 அங்குல பேஸில் குதிரையிலிருந்து நட் வரை, அதாவது கழுத்தின் மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு வரை, 864 மி.மீ. 24ஆவது மெட்டு, தந்தி நீளத்தில் முக்கால் பங்கு தாண்டிய இடம். குதிரையிலிருந்து அது கால் பங்கு, அதாவது 216 மி.மீ. 24 மெட்டு உள்ள பேஸ்களில் கழுத்து ஏறத்தாழ அங்கேதான் முடிகிறது. நட்டில் ஐந்து தந்திகளும் சராசரியாக 9.5 மி.மீ. இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 45 மி.மீ. அகல நட்டில் இரு ஓரங்களிலும் மூன்றரை விட்டால் அவ்வளவுதான் மிஞ்சும்.

இப்போது குதிரையில் 16.5 உள்ள பேஸை எடுங்கள். நட்டுக்கும் குதிரைக்கும் வேறுபாடு 7 மி.மீ. கால் பங்கு தூரத்தில் அதன் கால் பங்கு குறையும். ஆக, கழுத்து முனையில் 14.75. குதிரையில் 17.5 என்றால் அங்கே 15.5. 18 என்றால் கிட்டத்தட்ட 15.9. 19 என்றால் 16.6.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 19 மி.மீ. பேஸ், கழுத்து முனையில் 16.6. சாட்ஸ்வொர்த் தம்பி, நீங்கள் கட்டைவிரலால் அடிப்பது எங்கே? கடைசி மெட்டின் பக்கத்தில்தானே? உங்கள் விரலுக்குக் கிடைப்பது 19 அல்ல, 16.6. செந்தாந்த்ரே தம்பி, நீங்கள் எங்கே மீட்டுகிறீர்கள்?

---

செந்தாந்த்ரே மூவிரல்

குதிரைப் பிக்கப்பின் மேல் கட்டைவிரலை ஊன்றி வாசிக்கிறேன். இப்போது அளந்தேன்: குதிரையிலிருந்து 60 மி.மீ.

---

டோங்காட் பட்டறை

60 மி.மீ. தூரத்தில் உங்கள் 16.5 சுமார் 16.0 ஆகிறது. ஆக, 19தான் வேண்டும் என்பவருக்கும் 16.5தான் வேண்டும் என்பவருக்கும் விரலடியில் இருக்கும் வேறுபாடு அரை மில்லிமீட்டர் சொச்சம். ரோஸ்ஹில் தம்பிக்கு மட்டும்தான் 14.75. மூவரில் உண்மையாகவே நெருக்கடியில் இருப்பவர் அவர் ஒருவரே.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு அருகில் தந்தி விறைப்பாக இருக்கும், அதிர்வின் வீச்சும் சிறியது. கழுத்துப் பக்கம் போகப் போகத் தந்தி தளர்ந்து அகலமாக ஆடும். ‘பி’யின் அதிர்வெண் நொடிக்கு 31க்கும் சற்றுக் குறைவு. பலமாக மீட்டினால் அதன் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். இடம் குறைவாக உள்ள இடத்திலேயே தந்தி அதிகம் ஆடுகிறது. இது பயிற்சியால் தீரும் விஷயம் இல்லை.

---

சாட்ஸ்வொர்த் கட்டைவிரல்

அளந்து பார்த்தேன். அண்ணன் சொன்னபடியே 16.5க்கும் 17க்கும் நடுவே நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் 19 என்று நம்பி வாசித்தேன். செந்தாந்த்ரே தம்பியிடம் பேசிய தொனிக்கு வருந்துகிறேன்.

---

செந்தாந்த்ரே மூவிரல்

வருந்த என்ன இருக்கிறது அண்ணா. நானும் உங்கள் இடத்தில் அடித்துப் பார்த்தேன், என் பேஸில் சுண்டவே முடியவில்லை. நீங்கள் சொன்னது உங்கள் கைக்கு உண்மை.

---

போ பாசன் இரவுகள் (மொரீஷியஸ்)

இவ்வளவு கணக்கு தேவையா? பேஸ் கலைஞர் லின்லி மார்த் நம் தீவில் பிறந்தவர், ஜோ சாவினுலின் சிண்டிகேட் குழுவில் வாசித்தவர். அவர் போன்ற கைகளுக்கு எந்த இடைவெளி கொடுத்தாலும் இசை வரும். கருவியை மாற்றுவதை விடக் கையை வளர்ப்பது நல்லது.

---

டோங்காட் பட்டறை

அவர் கை வளர்ந்த கை, அதில் ஐயமே இல்லை. ஆனால் வளர்ந்த கைகளே இந்த அளவில் மிகவும் கண்டிப்பாக இருந்திருக்கின்றன. 1975இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்குக் கருவி செய்பவரான கார்ல் தாம்சன் ஆறு தந்தி பேஸ் செய்து கொடுத்தபோது, தந்திகளின் நெருக்கம் ஜாக்சனுக்குக் குறையாகவே பட்டது. பின்னால் செய்யப்பட்ட கருவிகளில் அகலத்தைக் கேட்டு வாங்கினார்.

ஐந்து தந்திக்கு இன்றுவரை ஒரே அளவு நிலைக்காததற்கு அதன் வரலாறும் காரணம். ஃபெண்டர் 1965இல் கொண்டுவந்த ஐந்து தந்தி பேஸில் கூடுதல் தந்தி கீழே இல்லை, மேலே ‘சி’. மெட்டுகள் 15 மட்டுமே. கீழே ‘பி’ வேண்டும் என்று பேஸ் கலைஞர் ஜிம்மி ஜான்சன் அலெம்பிக் பட்டறையில் கேட்டு வாங்கியது 1976இல். மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஐந்து தந்தி 1987இல் வந்தது. அதில் 17.5, அங்குலத்தில் பதினாறில் பதினொன்று. நான்கு தந்தி ஃபெண்டருக்கு முக்கால் அங்குலம், அதாவது 19, என்று தொடக்கத்திலேயே ஒரு வழக்கு அமைந்துவிட்டது. ஐந்துக்கு அப்படி ஒரு மூத்த கருவி கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு சமரசம் செய்தார்கள். குதிரையில் அகலம் கொடுத்தால் கழுத்து தடிக்கும், கழுத்தைக் குறைத்தால் விரல் நெருங்கும்.

---

மோக்கா வீணை

கழுத்து என்றதும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குக் கை சிறியது. 19 மி.மீ. பேஸ் ஒன்றை ஒரு வாரம் இரவல் வாங்கி வாசித்தான். வலக்கைக்கு மகிழ்ச்சி, இடக்கைக்குத் துன்பம். ‘பி’யை அழுத்தும்போது பெருவிரல் கழுத்தின் பின்பக்கத்திலிருந்து கீழே நழுவி மணிக்கட்டு வளைந்தது. நான்காம் நாள் வலி என்றான். திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். வலியோடு வாசிக்காதீர்கள் பிள்ளைகளே. எந்தக் கச்சேரியும் மணிக்கட்டை விடப் பெரிதில்லை.

---

ரோஸ்ஹில் பேஸ்

ஒரு கேள்வி. என்னிடம் இருக்கும் பேஸிலேயே குதிரையை மட்டும் மாற்றி அகலப்படுத்த முடியாதா? ஷாலர் 3டி குதிரையில் உருளைகளைப் பக்கவாட்டில் நகர்த்தலாம் என்று படித்தேன்.

---

டோங்காட் பட்டறை

நகர்த்தலாம். ஆனால் 16.5ஐ 18 ஆக்க வேண்டும் என்றால் குதிரையில் ஒவ்வொரு ஓரத்திலும் 3 மி.மீ. வெளியே தள்ள வேண்டும். அதன் முக்கால் பங்கு, 2.25 மி.மீ., கடைசி மெட்டிலும் வெளியே போகும். உங்கள் ‘ஜி’ தந்திக்கும் கழுத்தின் ஓரத்துக்கும் கடைசி மெட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது? 4 மி.மீ. என்றால் மிஞ்சுவது 1.75. தந்தியைச் சற்று இழுத்து அழுத்தினாலே மெட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். பிக்கப்பில் தனித்தனிக் காந்தத் துண்டுகள் இருந்தால் வெளித் தந்திகள் அவற்றைவிட்டு விலகி ஒலியும் மெலியும். நீளமான ஒற்றைக் காந்தம் உள்ளதில் அந்தத் தொல்லை இல்லை. அரை மில்லிமீட்டர் திருத்தத்துக்கு அந்தக் குதிரை நல்லது. ஒன்றரைக்கு அது வழியில்லை. கழுத்தின் அகலம்தான் எல்லை.

வாங்கும் முன் பலகை ஒன்று செய்து பாருங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்து காட்டுவது அது. ஒரு மீட்டர் நீளமும் உள்ளங்கையை விட அகலமும் உள்ள பலகை, இரு முனைகளிலும் ஆணிகள், பழைய தந்திகள் ஐந்து. ஒரு முனையில் 9.5, மறு முனையில் நீங்கள் சோதிக்கும் அளவு. ஆணிகளுக்கு நடுவே சரியாக 864 மி.மீ. தந்திகள் பலகையிலிருந்து சற்று எழுந்து நிற்க இரு முனைகளிலும் மெல்லிய கட்டை வையுங்கள். சுருதி சேர வேண்டியதில்லை. நீங்கள் உண்மையில் மீட்டும் இடத்தில், 216 மி.மீ. தூரத்தில் கோடு போட்டு அங்கே வாசியுங்கள்.

---

ரோஸ்ஹில் பேஸ்

தைப்பூச விடுமுறையில் காலையில் கோயில், மாலையில் பலகை என்று நாள் போயிற்று. தச்சு வேலை செய்யும் மாமா ஆணிகளைத் துல்லியமாக அடித்துக் கொடுத்தார். மூன்று பலகைகள்: 17.5, 18, 19.

ஒவ்வொன்றிலும் எங்கள் செகா நடை ஒன்றை அரை மணி நேரம் வாசித்தேன். 17.5இல் தொடக்கத்தில் நன்றாக இருந்தது. வேகம் கூடியதும் ‘ஈ–ஏ’ பிழை திரும்ப வந்தது, முன்னைவிடக் குறைவாக. 19இல் ஒரு பிழையும் இல்லை, ஆனால் ‘பி’யிலிருந்து ‘ஜி’க்குத் தாவும் இடங்களில் நேரம் பிந்தியது. 18இல் கையைப் பற்றிய நினைவே வரவில்லை. நடையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரத்தை மறக்க மாட்டேன்.

முதலில் நான் கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் கிடைத்துவிட்டது. 17.5க்கும் 18க்கும் நடுவே இருக்கும் அரை மில்லிமீட்டர், கழுத்து முனையில் அதைவிடவும் குறைவு. அதுவே என் கைக்குத் தெரிகிறது.

---

காத்ர் போர்ன் புதியவன்

யமஹாவின் பி.பி. வரிசை ஐந்து தந்தியில் 18 என்று பார்த்தேன். டி.ஆர்.பி.எக்ஸ். வரிசையிலும் அதுவே. ஏற்கெனவே ஒருவர் வாசித்த யமஹா ஒன்று எங்கள் ஊரில் விற்பனைக்கு இருக்கிறது அண்ணா. வேண்டுமானால் நான் போய் அளந்து வருகிறேன்.

---

ரோஸ்ஹில் பேஸ்

இருவரும் சேர்ந்தே போவோம் தம்பி. அளவுகோல் நான் எடுத்து வருகிறேன்.

---

டோங்காட் பட்டறை

போகும்போது மூன்று இடத்தில் அளவெடுங்கள்: குதிரையில் ‘பி’ நடு முதல் ‘ஜி’ நடு வரை, கடைசி மெட்டில் அதே அளவு, கடைசி மெட்டில் ‘ஜி’க்கும் ஓரத்துக்கும் உள்ள இடம். கடல் காற்றில் குதிரையின் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், ஒவ்வொன்றையும் திருகிப் பாருங்கள்.

---

ரோஸ்ஹில் பேஸ்

பார்த்தோம். குதிரையில் 72. கடைசி மெட்டில் 63.5, அதாவது ஒவ்வொன்றும் 15.9, அண்ணனின் கணக்கு அப்படியே. ‘ஜி’க்கு ஓரத்தில் 3.5 மி.மீ. ஒரு திருகு மட்டும் இறுகியிருந்தது, எண்ணெய் விட்டதும் இளகியது. அங்கேயே சி ஷார்ப்பில் ஆரம்பித்து வாசித்துப் பார்த்தேன், காத்ர் போர்ன் தம்பி மேசையில் ரவான் தாளம் போட்டான். வாங்கிவிட்டேன்.

மோக்கா அக்கா, உங்கள் மகனுக்கும் பலகை வேண்டுமென்றால் சொல்லுங்கள். 17.5 பலகை சும்மாதான் இருக்கிறது, கழுத்து முனையில் நான் போட்ட கோட்டை அழித்துவிட்டு அவன் மீட்டும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

---

மோக்கா வீணை

வேண்டும் தம்பி. சனிக்கிழமை வருகிறோம். அவனுடைய இடத்தை இன்றே அளந்து வைக்கிறேன்.